இங்கிலாந்தில் தொடர் மருந்துச்சீட்டு: மாத்திரை தீருமுன் செய்ய வேண்டியவை

ஊரில் பழைய மாத்திரை அட்டையை மருந்துக்கடையில் நீட்டி அடுத்த மாதத்துக்கு வாங்கிப் பழகியவர்கள், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் வழக்கமாகத் தரப்படும் மருந்துகள் இங்கிலாந்தில் சீட்டு இல்லாமல் கிடைக்காது என்பதை வந்த வாரமே மனத்தில் கொள்ள வேண்டும். கொண்டுவந்த மாத்திரைகள் கையிருப்பில் இருக்கும்போதே ஜிபி சர்ஜரியில், அதாவது உங்கள் பகுதிப் பொது மருத்துவரின் மருத்துவ நிலையத்தில், பதிவு செய்து, பழைய அட்டையைக் காட்டுங்கள். ‘கிளைகோமெட்’ என்ற வணிகப் பெயர் இங்கே பலருக்குத் தெரியாது. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் ‘மெட்ஃபார்மின் 500 மி.கி.’ என்பதுதான் உதவும்.

மருத்துவர் ஒன்றைத் தொடர் மருந்தாகப் பதிந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அவரைப் பார்க்காமல் என்எச்எஸ் என்னும் அரசு மருத்துவச் சேவையின் செயலியிலேயே கேட்கலாம். ஆனால் சர்ஜரி ஒப்புதல் தந்து, மருந்தகம் எடுத்து வைக்கச் சில நாட்கள் ஆகும். என் அம்மா இங்கு வந்த முதல் ஆண்டில், வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை காலி அட்டையை என்னிடம் காட்டியபோது நான் பதறிப்போனேன். அத்தகைய நேரத்தில் என்எச்எஸ் உதவி எண்ணான 111ஐ அழைத்தால் அவசரத்துக்கு வழி சொல்வார்கள்; எனினும் ஒரு வாரத்துக்கான மாத்திரை மீதமிருக்கும்போதே கேட்டுவிடுவதே முறை.

தொடர் மருந்து என்பது முடிவில்லாத அனுமதியன்று. மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரகப் பரிசோதனை தேவை என்பதால், இரத்தப் பரிசோதனைக்கு அழைக்கும் குறுஞ்செய்தியைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சாதாரணச் சீட்டு 6 மாதம் செல்லும். டிரமடால், பிரிகாபலின் போன்ற, சட்டம் கூடுதலாகக் கட்டுப்படுத்தும் மருந்துகளின் சீட்டுக்கோ 28 நாட்கள்தான்.

2024 மே மாதத்தில் ஒரு மருந்துக்கான கட்டணம் 9.90 பவுண்டாக உயர்ந்தது. அறுபது வயதானவர்களுக்கு இலவசம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் தொடர்ந்து ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களும் சர்ஜரியில் எஃப்பி92ஏ படிவம் பெற்று விலக்குச் சான்றிதழ் வாங்கினால், 5 ஆண்டுகளுக்கு எல்லா மருந்துக்கும் கட்டணமில்லை. நம்மவர்களில் எத்தனையோ பேர் இதை அறியாமல் பணம் கட்டுவது எனக்கு வேதனை தருகிறது. சான்றிதழ் கைக்கு வருமுன் மருந்துச்சீட்டில் ‘இலவசம்’ என்று குறித்துவிடாதீர்கள். அபராதம் 100 பவுண்டு வரை போகும்.

இலவசம் என்பதற்காகப் பட்டியலில் உள்ள அனைத்தையும் கேட்க வேண்டாம். மருந்தகத்தை விட்டு வெளியேறிய மாத்திரையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாலும் அழித்துவிடுவார்கள்.