"ஐ ஹேவ் எ டவுட்" சொல்றவங்க ஒரு நிமிஷம் இதப் படிங்க

நம்ம ஊர் கிளாஸ்ல கைய தூக்கி "சார் ஒரு டவுட்"னு கேட்டே வளர்ந்துட்டோம், அதனால ஆபீஸ் கால்ல அமெரிக்காக்காரர், லண்டன்காரர்கிட்டயும் அதே பழக்கத்துல "ஐ ஹேவ் எ டவுட்"னு சொல்லிடுறோம். இந்தியாவுக்குள்ள பிரச்சனை இல்ல, எல்லாருக்கும் புரியும். ஆனா அவங்க காதுல அது "நீங்க சொல்றதுல எனக்கு நம்பிக்கை இல்ல"ங்கிற மாதிரி விழும். புரியாதத கேக்கணும்னா "ஐ ஹேவ் எ கொஸ்டின்" போதும்.

இதுக்குக் காரணமே நம்ம "சந்தேகம்"ங்கிற வார்த்தைதான், பாடத்துல கேக்குறதும் சந்தேகம், நம்பாம இருக்குறதும் சந்தேகம், ஒருத்தர் மேல வர்றதும் சந்தேகம், மூணுக்கும் ஒரே சொல். இங்கிலீஷ்ல தனித்தனி.

அதுல மூணாவதுதான் ரொம்ப கவனிக்க வேண்டியது. "அவன்தான் பர்ஸ எடுத்திருப்பான்னு சந்தேகப்படுறேன்" இத "ஐ டவுட் ஹி டுக் இட்"னு சொன்னா அர்த்தம் அப்படியே தலைகீழ், அவன் எடுத்திருக்க மாட்டான்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும்! அங்க "ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்" தான் வரணும். அதே மாதிரி "இன்னிக்கு மழை வருமா?"னு கேட்டா "ஐ டவுட் இட்"னா வராதுன்னுதான் நினைக்கிறேன்னு அர்த்தம்.

இன்னொன்னு, டவுட் (doubt) ஸ்பெல்லிங்ல நடுவுல பி (b) இருக்கு, ஆனா சத்தம் வராது. பிரெஞ்சுல இருந்து வந்தப்போ அந்த பி கிடையாது, லத்தீன் மூலச்சொல்ல பாத்து பின்னாடி எழுத்துல மட்டும் சேத்தது. "டவுட்"னே சொல்லுங்க.