முழங்கால் ஜவ்வு கிழிந்தால்: முதல் நாளிலிருந்து மைதானம் திரும்பும் வரை

என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் உட்காருவதற்கு முன்பே எம்ஆர்ஐ உறையை நீட்டிவிடுவார்கள். "ஏசிஎல் போயிடுச்சு மேடம், ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமா?" என்பதுதான் முதல் கேள்வி. நான் உறையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, படுக்கையில் ஏறிக் காலை நீட்டச் சொல்வேன். முழங்காலின் பின்பக்கம் படுக்கையைத் தொடுகிறதா? தொடையை இறுக்கச் சொன்னால் தசை இறுகுகிறதா? அந்தப் படத்தைவிட இந்த இரண்டும் எனக்கு அதிகம் சொல்லும். முதலில் வீக்கம் வற்றட்டும், கால் நேராகட்டும், தொடைத் தசை விழித்துக்கொள்ளட்டும். அதன் பிறகு மூட்டு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். பிசியோதெரபிஸ்ட்டாக நான் திரும்பத் திரும்பச் சொல்வது இவ்வளவுதான். விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

மூட்டின் நடுவில் இரண்டு ஜவ்வுகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கின்றன. முன்பக்கத்தது ஏசிஎல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் அளவு மீறித் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அது. பின்பக்கத்தது பிசிஎல். எலும்பு பின்னால் போகாமல் தடுப்பது அதன் வேலை. இரண்டில் பிசிஎல் தடிமனானது, அதனால் அது கிழிவது குறைவு.

எப்படிக் கிழிகிறது, எப்படித் தெரியும்

"யாரும் இடிக்கவே இல்லையே" என்று பலரும் ஆச்சரியப்படுவார்கள். ஏசிஎல் பெரும்பாலும் அப்படித்தான் கிழியும். ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பும்போது, குதித்து இறங்குகையில் முழங்கால் அதிகம் மடங்காமல் உள்பக்கமாகச் சாயும்போது. கால்பந்து, கூடைப்பந்து, பேட்மின்டன், பனிச்சறுக்கு எல்லாவற்றிலும் இதே கதைதான். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருக்கிறது.

மூட்டுக்குள் 'டப்' என்று ஏதோ அறுந்த உணர்வு, தொடர்ந்து ஆட முடியாத நிலை, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மூட்டு உப்பிக்கொள்வது: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வேறு எதுவும் நிரூபிக்கப்படும் வரை ஏசிஎல் கிழிந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். அவ்வளவு வேகமாக உப்புகிறது என்றால் உள்ளே கசிவது ரத்தம். மறுநாள் காலையில்தான் மெதுவாக வீங்கியது என்றால், மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் பக்கமாக என் யோசனை போகும்.

ஏமாற்றுவது அதன் பிறகு வரும் வாரங்கள். வலி குறையும், வீக்கம் வடியும், நேராக நடக்கவும் முடியும். "நடக்க முடியுதே மேடம், அப்புறம் எப்படிக் கிழிஞ்சிருக்கும்?" என்பார்கள். நேராக நடப்பதைத் தொடைத் தசைகளே ஓரளவு சமாளித்துவிடும். சட்டென்று திரும்பும்போதுதான் குட்டு வெளிப்படும். மூட்டு ஒரு கணம் விலகி, கால் வாரிவிடும். இது ஒருமுறை நடந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு முறை வாரும்போதும் உள்ளே இருக்கும் மெனிஸ்கஸும் குருத்தெலும்பும் அடி வாங்குகின்றன.

பிசிஎல் சத்தமில்லாத ஆசாமி. வண்டி மோதி, மடங்கிய முழங்கால் முன்பலகையில் இடிக்கும். அல்லது மடங்கிய முழங்காலின் மேலேயே விழுவார்கள். வீக்கம் குறைவாகவே இருக்கும், பின்பக்கம் ஒரு வலி, படியிறங்கும்போது ஒரு நம்பிக்கையின்மை. 'சாதாரண அடி' என்று விட்டுவிட்டு மாதக்கணக்கில் கழித்து வருபவர்கள் அதிகம்.

முதல் சில நாட்கள்

ஆட்டத்தை நிறுத்துங்கள், "நடந்து பார்த்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னாலும். பாதம் சில்லிட்டு வெளுத்தால், மரத்துப்போனால், மூட்டு கோணலாகத் தெரிந்தால், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பெரிய அடியில் மூட்டு முழுசாக விலகித் தானாகவே மறுபடி பொருந்திவிடுவதும் உண்டு. வெளியே பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் சேதமாகியிருக்கும். சில மணி நேரத் தாமதத்தில் காலையே இழக்க நேரிடலாம்.

நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை, முழங்காலை 90 டிகிரி மடக்க முடியவில்லை, முழங்கால் சில்லின் மேல் மட்டும் தொட்டால் வலிக்கிறது, வெளிப்பக்கம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்பு முனையில் வலிக்கிறது, அல்லது வயது 55 அல்லது அதற்கு மேல். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். 'ஒட்டாவா விதிகள்' என்று உலகம் முழுக்கப் பயன்படுத்துவது இதைத்தான்.

மற்றபடி வீட்டில் செய்ய வேண்டியவை எளிமையானவை. துணி சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். கிரேப் பேண்டேஜை அளவாக இறுக்கிக் கட்டுங்கள். படுத்திருக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள். வலித்தால் ஊன்றுகோலோடு நடங்கள். நீவி விடுவதும் சொடுக்கு எடுப்பதும் வேண்டாம், எவ்வளவு அனுபவம் உள்ள கையாக இருந்தாலும் சரி.

இனி சொல்வதைச் செய்பவர்கள் குறைவு. வீங்கிய மூட்டுக்கு லேசாக மடங்கிய நிலைதான் சுகம். அதனால் எல்லோரும் முழங்காலுக்கு அடியில் தலையணையை வைத்துக்கொள்வார்கள். எடுத்துவிடுங்கள் அதை. குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் தொங்கித் தன் எடையாலேயே நேராகட்டும். ஒரு தடவைக்கு ஐந்து பத்து நிமிடம், நாளில் பல தடவை. கூடவே, காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலின் பின்பக்கத்தைக் கீழே அழுத்தித் தொடைத் தசையை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். மூட்டில் நீர் கோத்தாலே மூளை அந்தத் தசையை அணைத்துவிடும். சோம்பலோ பயமோ காரணமில்லை, உடம்பின் இயல்பு அது. பத்து நாள் சும்மா விட்டால் தொடை இளைத்துப்போவது கண்ணுக்கே தெரியும். காலை நீட்டியபடி தூக்கும்போது முழங்கால் தளர்ந்து மடங்காமல் நேராகவே மேலே வந்தால், முதல் கட்டம் தாண்டியாயிற்று.

ஆனால் கால் ஓரளவுக்கு மேல் நீளவே மாட்டேன் என்று எங்கோ சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். கிழிந்த மெனிஸ்கஸ் இடையில் மாட்டியிருக்கலாம். நான் முன்பு சொன்ன விதிவிலக்குகளில் ஒன்று இது. இதற்கு ஆபரேஷன் சீக்கிரமே தேவைப்படும்.

கையும் படமும்

ஏசிஎல்லைப் பரிசோதிக்க லாக்மன் சோதனைதான் சிறந்தது. முழங்காலை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கீழ்க்காலை முன்னால் இழுப்போம். நல்ல ஜவ்வு 'டக்' என்று தடுத்து நிறுத்தும், கிழிந்திருந்தால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். அமெரிக்க மருத்துவர் ஜோசப் டோர்க் 1976-ல் இதை விவரித்து எழுதி, ஜான் லாக்மன் என்ற மருத்துவரின் பெயரை வைத்தார். அடிபட்ட முதல் நாட்களில் வலியால் தசைகள் இறுகிச் சோதனை தெளிவாக வராது. "ஒன்றுமில்லை" என்று அன்று சொல்லியிருந்தாலும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நல்ல காலையும் சோதித்து ஒப்பிட வேண்டும். ஒப்பிடாமல் சொன்ன முடிவை நான் நம்புவதில்லை.

பிசிஎல்லுக்கு முதல் சோதனை கண்தான். மல்லாக்கப் படுத்து இரண்டு முழங்காலையும் 90 டிகிரி மடக்கிப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால், பிசிஎல் போன காலில் எலும்பு பின்னால் தொய்ந்திருக்கும். இதைக் கவனிக்காமல் எலும்பை முன்னால் இழுத்துப் பார்ப்பவர், தொய்ந்த இடத்திலிருந்து இயல்பான இடத்துக்கு வருவதைப் பார்த்து ஏசிஎல் கிழிசல் என்று எழுதிவிட வாய்ப்பிருக்கிறது.

எம்ஆர்ஐ இருக்கும்போது எக்ஸ்ரே எதற்கு என்று கேட்பார்கள். கீழ்க்கால் எலும்பின் வெளி விளிம்பில் ஒரு சிறு எலும்புத் துணுக்கு பெயர்ந்திருந்தால் அதுவே ஏசிஎல் கிழிசலுக்கு வலுவான தடயம். பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் சேகோன்ட் 1879-லேயே இதைக் குறித்து வைத்தார். வளரும் பிள்ளைகளுக்கு ஜவ்வு கிழிவதற்குப் பதிலாக அது ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டே பெயர்ந்துவிடும். அதற்கான வைத்தியமே வேறு.

எம்ஆர்ஐ அறிக்கை கைக்கு வந்தால் ஏசிஎல் வரியோடு நிறுத்தாதீர்கள். மெனிஸ்கஸ், பக்கவாட்டு ஜவ்வுகள், குருத்தெலும்பு ஆகியவற்றைப் பற்றிய வரிகள்தான் பல நேரம் முடிவை மாற்றும். 'பார்ஷியல் டேர்', அதாவது பகுதிக் கிழிசல், என்று இருந்தால் அது எவ்வளவு தாங்கும் என்பதைப் படத்தால் சொல்ல முடியாது; சோதிப்பவரின் கைதான் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனா, பயிற்சியா

பிசிஎல் மட்டும் கிழிந்திருந்தால் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் வேண்டாம். மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸும் முன்தொடைத் தசைப் பயிற்சியும் போதும். பின்தொடைத் தசைக்கு ஆரம்பத்தில் எடை வைத்துப் பயிற்சி தரக்கூடாது, அது எலும்பைப் பின்னால் இழுக்கும்.

ஏசிஎல்லுக்குப் பதில் அவ்வளவு நேரானது இல்லை. ஸ்வீடனில் சுறுசுறுப்பான இளையவர்கள் 121 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும், மறுபகுதிக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன் என்று வைத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2010-ல் வந்தது. இரண்டு வருடம் கழித்து இரு பகுதியினரின் முழங்கால் நிலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் 23 பேர் அதற்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். ஐந்து வருடத்தில் அது அந்த 59 பேரில் ஏறக்குறைய பாதிப் பேராக உயர்ந்தது. மறுபக்கம், ஏற்கெனவே மாதக்கணக்கில் கால் வாரிக்கொண்டிருந்தவர்களை எடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு, 2022-ல், ஆபரேஷனே மேல் என்று காட்டியது. இரண்டும் முரண் இல்லை, ஆட்கள் வேறு.

எனவே நான் கேட்பது: அன்றாட வேலையிலேயே கால் வாருகிறதா? தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிசல் கூடவே இருக்கிறதா? ஒன்றுக்கு மேற்பட்ட ஜவ்வு போயிருக்கிறதா? வெட்டித் திரும்பி ஆடும் விளையாட்டுக்குத் திரும்பியே ஆக வேண்டுமா? 'ஆமாம்' கூடக் கூட ஆபரேஷன் பக்கம் சாய்வேன். நேராக ஓடுவதும் சைக்கிளும் நீச்சலும் போதும் என்பவருக்கு மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சியைத்தான் முதலில் சொல்வேன். வயதை வைத்து மட்டும் யாரும் முடிவு செய்ய வேண்டாம்.

ஆபரேஷன் என்றால், கிழிந்ததைத் தைப்பதைவிட உங்கள் உடம்பிலிருந்தே வேறு தசைநாரை எடுத்துப் புதிதாகப் பொருத்துவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சில்லுக்குக் கீழே இருந்து எடுத்தால் மண்டியிடும்போது வலி இருக்கும், பின்தொடையிலிருந்து எடுத்தால் அந்தத் தசை கொஞ்சம் பலம் குறையும். சில்லுக்கு மேலிருந்தும் எடுக்கிறார்கள். உங்கள் சர்ஜன் எதை அதிகம் செய்து பழகியவரோ அதுவே பெரும்பாலும் சரி. இறந்தவர்களிடமிருந்து தானமாகப் பெற்ற தசைநார் இளைஞர்களுக்கு அதிகம் அறுந்துபோகிறது. வீங்கி விறைத்த மூட்டில் அவசர ஆபரேஷன் செய்தால் அந்த விறைப்பு நிலைத்துவிடலாம். தலையணை விஷயத்தில் நான் அவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆபரேஷனுக்குப் பிறகு

முதல் வாரங்களின் வேலை பழைய வேலைதான்: நேராக்குவது, தொடையை எழுப்புவது. கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சலோடு காயத்தில் நீர் வடிந்தால் காத்திருக்காதீர்கள்.

ஆறாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையிலான காலம்தான் எனக்குக் கவலை. வலி போயிருக்கும், நடை சரியாகியிருக்கும், உள்ளே பொருத்திய தசைநாரோ புது ரத்தக்குழாய்கள் ஊடுருவி மாறிக்கொண்டிருக்கும், பலம் மிகக் குறைந்த கட்டத்தில். ஓட்டம் மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். அப்போதும் வீக்கம் இல்லாமல், கால் முழுக்க நீண்டு, ஒற்றைக் காலில் அளவாக உட்கார்ந்து எழ முடிந்தால் மட்டும்.

கால்பந்து ஆடும் ஒரு தம்பி ஆறாவது மாதத்தில் வந்து, "நல்லாத்தானே ஓடுறேன்" என்று சண்டை போட்டான். தொடை பலத்தை அளந்தோம், நல்ல காலின் முக்கால்வாசியைத் தொடவில்லை. ஒற்றைக் காலில் குதித்து இறங்கியதை மொபைலில் எடுத்துக் காட்டினேன்; முழங்கால் உள்ளே சாய்ந்ததை அவனே பார்த்தான். அதன் பிறகு சண்டை இல்லை. நான் அவனுக்குச் சொன்ன கணக்கு, 2016-ல் வந்த ஓர் ஆய்வில் உள்ளது: ஒன்பது மாதம் வரை, விளையாட்டைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது. 25 வயதுக்குள் விளையாட்டுக்குத் திரும்புபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மறுகாலிலோ மறுபடி கிழிகிறது. ஒன்பது மாதம், நல்ல காலின் பலத்தில் 90 சதவீதம், குதிக்கும் சோதனைகளில் தேர்ச்சி, மனதில் பயமின்மை. நான்கும் சேர்ந்தால்தான் நான் அனுமதி தருவேன். கடையில் வாங்கும் நீ கேப் தைரியம் தரும், ஜவ்வின் வேலையைச் செய்யாது.

திரும்பிய பிறகும் பயிற்சியை விட வேண்டாம். 'ஃபிஃபா 11+' என்ற வார்ம்-அப் சுமார் 20 நிமிடம், சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். அதிலுள்ள குதித்து இறங்கும் பயிற்சிகளை வாரம் இரண்டு முறையாவது செய்யுங்கள், முழங்கால் கட்டைவிரலுக்கு உள்ளே சாயாமல் கால் விரல்களின் நேர்கோட்டில் மடங்குகிறதா என்று யாரையாவது முன்னால் நின்று பார்க்கச் சொல்லி.