ஒரே ஆர்டர் இரண்டு தடவை பதிவான கதை

வாடிக்கையாளர் போர்ட்டலில் விழும் ஆர்டர்கள் தானாகவே ஈஆர்பிக்கு (ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் நிர்வகிக்கும் நிறுவன மென்பொருள்) போகும்படி இணைப்பு போட்டிருந்தேன். மாதக் கடைசியில் மட்டும் சில ஆர்டர்கள் இரட்டையாகப் பதிவாகின. கிடங்கில் ஒரே சரக்கை இரண்டு தடவை கட்டி வைத்திருந்ததைப் பார்த்ததும் பதறிவிட்டேன்.

லாக்கை (கணினி எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவு) தோண்டினால் 504 பிழை, அதாவது பதில் நேரத்துக்குள் வரவில்லை. போர்ட்டலுக்கும் ஈஆர்பிக்கும் நடுவில் நிற்கும் கேட்வே பதிலுக்குக் காத்திருந்து கைவிட்டிருக்கிறது. ஈஆர்பியோ வேலையை முடித்தே விட்டது. தோல்வி என்று நினைத்து ஆட்டோமேஷன் மறுபடி அனுப்பியிருக்கிறது. இப்படி மறுபடி அனுப்பும் ரீட்ரையை நிறுத்தினால், நிஜமாகவே தோற்கும்போது ஆர்டரே தொலையும், அது தீர்வல்ல. போர்ட்டல் ஆர்டர் எண் ஈஆர்பியில் வெறும் குறிப்பாகத்தான் கிடந்தது. அந்தப் புலத்துக்கு யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே எண் இரண்டு தடவை பதிவாகக் கூடாது என்ற விதி, போட்டேன். அதே எண் மறுபடி வந்தால் அது இரண்டாவது பதிவை மறுத்துவிடும்; அப்போது பழைய பதிவையே திருப்பித் தரும்படி இணைப்பையும் மாற்றினேன்.

நீங்களும் இந்தக் கட்டுப்பாட்டைப் போடுவதானால், ஏற்கெனவே இருக்கும் இரட்டைப் பதிவுகளை முதலில் நீக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் டேட்டாபேஸ் கட்டுப்பாட்டை ஏற்காது.