ஓடைச் சீரமைப்பு: வெள்ளம் ஏன் குறைவதில்லை?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சென்னையில் விருகம்பாக்கம் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓடை என்று பொக்லைன்கள் இறங்கும். எத்தனை லோடு சகதி அள்ளினோம் என்பதே பெரும்பாலும் கணக்கு. ஆனால் வெள்ளம் எங்கே ஏறும் என்பதைத் தீர்மானிப்பது ஓடையின் மிகக் குறுகலான இடம்.

அது அநேகமாக ஒரு சிறுபாலமாக இருக்கும். ஒரு சதுர கிலோமீட்டர் கட்டடப் பகுதியில் மணிக்கு 60 மி.மீ. மழை பெய்து, அதில் 80 சதவீதம் ஓடிவந்தால், நொடிக்குச் சுமார் 13 கனமீட்டர் (470 கனஅடி) தண்ணீர். நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் அது வெளியேற 9 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். 3 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரமுள்ள பாலக்கண் அதில் பாதிதான். போதாக்குறைக்கு அதன் நடுவே கழிவுநீர்க் குழாய் குறுக்கே போகும். அதில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் சிக்கினால் மிச்சமும் அடைபடும். இதை மாற்றாமல் மேலே ஓடையை அகலப்படுத்தினால், தண்ணீர் பாலத்தருகே இன்னும் சீக்கிரம் வந்து தேங்கும்.

அடுத்தது மட்டம். தட்டையான ஊரில் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சரிவு கிடைத்தாலே அதிர்ஷ்டம். அந்தச் சரிவில் 30 செ.மீ. மேடு ஒன்று விட்டுப்போனால், அதற்கு மேலே சுமார் 300 மீட்டருக்குத் தண்ணீர் நிற்கும். அதனால் லெவல் எடுத்து, முகத்துவாரத்தில் தொடங்கி மேல்நோக்கித் தூர்வாரி வர வேண்டும். கண்மதிப்பில் அதிக ஆழம் தோண்டினாலும் கெடுதல்தான்: பள்ளத்தில் கழிவு தேங்கும், தடுப்புச்சுவரின் அடிமண் அரிக்கும்.

அள்ளிய சகதியைக் கரையிலேயே குவிப்பது பழைய வழக்கம். முதல் கனமழையிலேயே பாதி உள்ளே சரியும்.

அடியிலும் பக்கத்திலும் கான்கிரீட் போட்டால் தண்ணீர் வேகமாகப் போகும், உண்மை. அந்த வேகம் கீழேயுள்ள தெருவுக்குத்தான் போய்ச் சேரும். இதற்கு மாற்றாக சிங்கப்பூர் பிஷான் பூங்காவைக் காட்டுவார்கள். அங்கே 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாயை 3.2 கி.மீ. வளைந்தோடும் ஆறாக்கினார்கள், 2012இல். வெள்ளம் பரவ 62 ஹெக்டேர் பூங்கா பக்கத்திலேயே இருந்தது. இருபுறமும் வீடுகள் நெருக்கும் ஓடையில் வளைவை மட்டும் நகலெடுத்தால் கொள்ளளவுதான் குறையும். அப்படிப்பட்ட ஓடையின் மேல்பகுதியிலுள்ள குளம், விளையாட்டுத்திடல் ஆகியவற்றை மழைநீர் சில மணி நேரம் தங்குமிடமாக்குவதே நடக்கிற காரியம்.