கிராபிக்ஸ் கார்டு நினைவகம்: சாளரத்தின் அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் 32 பிட் விண்டோஸ் ஓடும் பழைய கணினியைக் காட்டி, 4 ஜிபி ரேம் போட்டும் 3.25 ஜிபிதான் தெரிகிறது என்று ரேமை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. ரேமில் பழுது எதுவும் இல்லை. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டையும் செயலி அடையாளம் காணும் எண்ணே முகவரி; 32 பிட் முகவரிகளின் எல்லையே 4 ஜிபிதான். அதன் மேற்பகுதியை கிராபிக்ஸ் கார்டு உள்ளிட்ட சாதனங்கள் எடுத்துக்கொள்வதால், அவ்வளவு ரேமுக்கு முகவரி இல்லாமல் போகிறது.

ஆனால், 1 ஜிபி கார்டு போட்டால் 1 ஜிபி ரேம் போய்விடும் என்பதும் தவறு. கார்டின் நினைவகம் முழுவதையும் செயலி ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை; பெரும்பாலான கார்டுகளில் 256 எம்பி அளவுள்ள ஒரு சாளரத்தின், அதாவது கார்டுக்கென ஒதுக்கிய முகவரிப் பகுதியின், வழியாகவே அதை அணுகுகிறது.

இந்த ஏற்பாடு பழையது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 1 எம்பி முகவரி வெளியில், 640 கேபிக்கு மேற்பட்ட பகுதி சாதனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1987இன் விஜிஏ என்ற திரைக்காட்சித் தரத்தில் 256 நிறங்களுடன் 320க்கு 200 புள்ளிகள் கொண்ட படம் 64,000 பைட்டுகளில் அடங்கியதால் 64 கேபி சாளரமே போதுமாக இருந்தது. அதே நிறங்களுடன் 640க்கு 480 என்றால் 3,07,200 பைட்டுகள் வேண்டும். ஆகவே அதற்கு அடுத்து வந்த எஸ்விஜிஏ கார்டுகளில் சாளரத்தைப் பகுதி பகுதியாக நகர்த்தி எழுத வேண்டியிருந்தது. 1994இல் வெளியான விபிஇ 2.0 என்ற கிராபிக்ஸ் கார்டுத் தரம், நினைவகத்தைத் தொடர்ச்சியாக அணுகும் வழியைப் பொதுவாக்கியது. பின்னர் வந்த ஏஜிபி என்ற கிராபிக்ஸ் கார்டு இணைப்பில் ‘அப்பர்ச்சர்’ என்ற அமைப்பின் அளவைக் கூட்டினால் கார்டின் நினைவகம் கூடும் என்று நம்பியவர்கள் பலர். அது கணினியின் ரேமைக் கார்டு அணுகுவதற்கான வரம்பு மட்டுமே.

இன்று அதிகம் தொல்லை தருவது, சாளரத்தைக் கார்டின் முழு நினைவகம் வரை விரிக்கும் ரீசைசபிள் பார் வசதியை அவசரப்பட்டு இயக்குவதுதான். அதற்கு 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரிகளை அனுமதிப்பதோடு, கணினியைத் தொடக்கும் பழைய பயாஸ் முறைக்கான சிஎஸ்எம் அமைப்பையும் அணைக்க வேண்டும். வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், சிஎஸ்எம்மை அணைத்த பிறகு விண்டோஸ் தொடங்காது. பதறிப்போய் வட்டை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். சிஎஸ்எம்மை மீண்டும் இயக்கினாலே பழையபடி தொடங்கிவிடும். பிறகு கோப்புகளை வேறு வட்டில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸ் 10இலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றலாம். ஆடி மழையில் மரம் விழுந்து எப்போது மின்சாரம் நிற்கும் என்று சொல்ல முடியாத நம் மலையில், யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே கூடாது.