ஸ்லாட் போச்சு என்று முடிவு கட்டும் முன்: ராம் கோளாறில் செய்யக்கூடாத தவறுகள்

கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. ராமை, அதாவது மெமரி அட்டையை, அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினால் வந்துவிடுகிறது. உடனே "அந்த ஸ்லாட் போயிருச்சு" என்று சொல்லிவிடுகிறோம். முதல் தவறு இந்த அவசரம்தான். ஸ்லாட் என்பது பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக நிற்கும் உலோக நாக்குகள். எரிந்துபோக அதற்குள் ஐசி (சிப்) எதுவும் கிடையாது. அழுக்கு, அரிப்பு, வளைந்த நாக்கு, விட்டுப்போன சால்டர் என்று பெரும்பாலும் இந்த நான்கில்தான் கோளாறு இருக்கும். இதில் நாக்கு வளைவது, சரிபார்க்கிறேன் என்று இறங்கும் கைகளால் நடப்பது.

ஷட்டவுன் செய்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்காமல் ராமைக் கழற்றாதீர்கள். ப்ளக் செருகியிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தைப் போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் ஸ்லீப்பில் இருந்தால் ராமுக்கும் மின்சாரம் ஓடும். ப்ளக்கை எடுத்தபின் பவர் பட்டனை 10 விநாடி அமுக்கிப் பிடியுங்கள், மிச்சம் இருப்பது இறங்கிவிடும். கேபினெட்டின் பெயின்ட் படாத இரும்பைத் தொட்டுவிட்டு ராமைத் தொடுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. அதிகக் கேடு நடப்பது இங்கேதான். நெல்லைச் சீமையில் ஊருக்கு ஊர் அழுக்கு வேறு. ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரலின் ஈரம் தூசியோடு சேர்ந்து பசைபோல் படியும். திசையன்விளைப் பக்கம் அதே மாதங்களில் காற்று தேரிச் செம்மணலை அள்ளிக்கொண்டு வரும். உவரி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். பின்பக்கத் தகடு இல்லாத கேபினெட் என்றால் பல்லி எச்சமும் எறும்புக் கூட்டமும் இருக்கும். எச்சம் காய்ந்த இடத்தில் உலோகம் பச்சை பூத்துவிடும்.

இதற்கு ரப்பரை எடுத்து ராமின் பொன்னிறக் காலை அழுத்தித் தேய்க்கிறார்கள். அந்தத் தங்கப்பூச்சு மிக மெல்லியது. பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் அதைச் சுரண்டிவிடும், அடியில் இருக்கும் உலோகம் அடுத்த சாரலுக்குள் கறுக்கும். உப்புத்தாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத மெல்லிய துணியில் நனைத்து, காலின் நீளவாக்கில் மேலிருந்து கீழாக ஒரே திசையில் துடையுங்கள். அது கிடைக்காவிட்டால் மட்டும் மென்மையான பென்சில் ரப்பரால் லேசாகத் துடைக்கலாம், ஸ்லாட்டுக்கு மேலே வைத்து அல்ல. ரப்பர் துகள் ஒன்று உள்ளே விழுந்தால் அதுவே புதுக் கோளாறு. சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் இருப்பதால் பிசுபிசுப்பு தங்கிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

ஸ்லாட்டுக்குள் ஊசி, குண்டூசி, ஏடிஎம் கார்டு எதையும் விடாதீர்கள். காய்ந்த மென்மையான பிரஷ் போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நாக்குகள் சீப்புப் பல்லைப்போல் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டிடிஆர்4 வகை ராமின் ஸ்லாட்டில் அவற்றுக்கிடையே இடைவெளி 0.85 மில்லிமீட்டர்தான். ஒன்று மட்டும் கோட்டிலிருந்து விலகிச் சாய்ந்திருந்தாலோ, அருகே கறுத்த புள்ளி தெரிந்தாலோ அதுதான் உண்மையான ஸ்லாட் கோளாறு. அந்த ஸ்லாட்டில் இனி ராமைப் போட்டு ஆன் செய்யாதீர்கள், பக்கத்துக் காலோடு ஷார்ட் ஆகி நல்ல ராமும் போகும்.

செருகும்போது பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி இருக்கும். அது "டிக்" என்றதும் முடிந்தது என நினைக்கிறோம், மறுமுனை ஒரு மில்லிமீட்டர் தூக்கியே நிற்கும். இரண்டு முனையையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். டிடிஆர்3-க்கும் டிடிஆர்4-க்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு; உட்காரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள்.

சோதிக்கும்போது இரண்டு ராமையும் ஒரே சமயத்தில் மாற்றிப் போடுவதால் எதுவும் தெளிவாகாது. ராம்களில் 1, 2 என்று குறியுங்கள். நல்லது என்று உறுதியான ஒரே ராமை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டு முடிவை எழுதுங்கள். பிறகு ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொரு ராமையும் போடுங்கள். கோளாறு ராமோடு நகர்ந்தால் ராம், ஸ்லாட்டோடு நின்றால் ஸ்லாட். பயாஸ் செட்டிங்கில் எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆனில் இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் ஒற்றை ராமின் இடம் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது. முதலாவதில் மட்டும் போட்டால் சில போர்டுகள் கிளம்பவே கிளம்பாது. அதை ஸ்லாட் போனதாக எண்ணிவிடக் கூடாது. டிடிஆர்5 என்றால் ராம் மாற்றியதும் முதல் முறை டிஸ்ப்ளே வரச் சில நிமிடம்கூட ஆகலாம், நடுவில் அணைக்காதீர்கள். டிஸ்ப்ளே வந்தபின் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓர் இரவு ஓடவிடுங்கள்.

எழுதிவைத்த முடிவுகளில் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். பிராசசருக்கு அருகே உள்ள முதல் இரண்டு ஸ்லாட்டும், அல்லது கடைசி இரண்டும், சேர்ந்தாற்போல் வேலை செய்யவில்லையா? இரண்டு ஸ்லாட் ஒரே நேரத்தில் கெடுவது அரிது. அந்த ஜோடி ஒரே சேனலை, அதாவது பிராசசரோடு பேசும் ஒரே பாதையை, சேர்ந்தது, சேனலை நடத்தும் மெமரி கன்ட்ரோலர் இன்றைய பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே சந்தேகம் பிராசசர் உட்காரும் சாக்கெட்டுக்குப் போக வேண்டும்: வளைந்த ஊசிக்கால், அதன்மேல் வழிந்த தெர்மல் பேஸ்ட், ஒரு மூலை ஏறாத கூலர். களக்காட்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரும் குலுக்கலிலேயே புஷ்பின் (அமுக்கிப் பொருத்தும்) கூலரின் ஒரு கால் கழன்றுவிடும். கூலரைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டு, குறுக்கும் நெடுக்குமாகச் சமமாக இறுக்கினால் பல "செத்த" ஸ்லாட்டுகள் எழுந்துவிடும்.

பழைய ராம் வாங்கும்போதும் ஏமாற வாய்ப்புண்டு. "ஏஎம்டி ஒன்லி" என்று விற்கும் டிடிஆர்3 இன்டெல் போர்டில் ஓடாது. 8 ஜிபி போட்டும் 4 ஜிபிக்குள்ளேதான் காட்டுகிறது என்றால், 32 பிட் விண்டோஸா என்று பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

ஸ்லாட் உண்மையிலேயே போய்விட்டால் ஹாட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டாதீர்கள், பிளாஸ்டிக் உருகிப் பக்கத்து ஸ்லாட்டும் போகும். சிப் லெவல் வேலை தெரிந்தவர் ஸ்லாட்டையே மாற்றித் தர முடியும். ஜெராக்ஸ் கடை, இ-சேவை மைய வேலைக்கு அந்தச் செலவு தேவைதானா என்று கணக்குப் போடுங்கள். மீதி ஸ்லாட்டில் 8 ஜிபி ஒற்றை ராமே போதும். செத்த ஸ்லாட்டின் வாயில் பேப்பர் டேப் ஒட்டி, தேதி போட்டு "போடாதே" என்று எழுதிவிடுங்கள். அடுத்துத் திறப்பவர் யாராக இருந்தாலும் அதில் மறுபடி ராமைச் செருகமாட்டார்.