பழைய பொருளை ஆன்லைனில் வாங்கும்போதும் விற்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் பயன்படாமல் கிடக்கும் கட்டிலையோ ஃப்ரிட்ஜையோ படம் எடுத்து ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் போட்டு விற்பது இன்று சிற்றூர்களில்கூட வழக்கமாகிவிட்டது. இதில் ஏமாந்தவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, பேராசைப்பட்டார், ஏமாந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமான பேச்சு அல்ல. பணத்தை இழந்தவர்களில் பலர் விற்க வந்தவர்கள். ஊரில் எல்லோரும் கேட்கும் விலையைத்தான் அவர்களும் கேட்டார்கள். தவறு நேர்ந்தது பணமும் பொருளும் கைமாறிய முறையில்.

பொருள், பணம், உரிமை ஆவணம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், உரியவர் இருவருக்கிடையே கைமாற வேண்டும். பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பணம் போய்விடுவது, பொருளைத் தருபவர் ஒருவராகவும் பணத்தைப் பெறுபவர் இன்னொருவராகவும் இருப்பது, வண்டி இன்றைக்கும் பெயர் மாற்றம் அடுத்த மாதத்துக்கும் என்று தள்ளிப்போவது என இந்த மூன்றில் ஒன்று தனியே பிரிகிற இடம்தான் மோசடிக்காரருக்கு வாசல். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தப் பிரிவிலிருந்து வருபவை.

பணம் வாங்குவதற்காகப் பின் எண்ணைப் போடுவது

ஒரு சோபாவை 8,000 ரூபாய்க்கு விற்பதாக விளம்பரம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களில் அழைப்பு வருகிறது. பேசுபவர் பேரம் பேசுவதில்லை. பொருளை நேரில் பார்க்கவும் கேட்பதில்லை. தான் ராணுவத்தில் இருப்பதாகவும், இப்போதுதான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததாகவும், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். நீங்கள் கேட்காமலேயே அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, சீருடை அணிந்த படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கின்றன. அவை உண்மையான வீரர் ஒருவரின் அட்டைகளாகவே இருக்கக்கூடும். ஆனால் பேசுபவர் அவர் அல்லர். படமாக வரும் அட்டை எதையும் நிரூபிப்பதில்லை.

அடுத்து, கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி ஒரு ரூபாயோ ஐந்து ரூபாயோ அனுப்புகிறார். அது உண்மையிலேயே உங்கள் கணக்கில் ஏறுகிறது. அந்த நொடியில் உங்கள் சந்தேகம் தளர்ந்துவிடுகிறது. பிறகு ஒரு க்யூஆர் கோடு வருகிறது. ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டால் 8,000 ரூபாய் வந்துவிடும் என்கிறார். போட்டால் 8,000 ரூபாய் போகிறது. பதறிக் கேட்டால், தவறு நடந்துவிட்டது, இரண்டையும் சேர்த்து 16,000 ரூபாயாக அனுப்புகிறேன் என்று இன்னொரு கோடு வருகிறது. பதற்றத்தில் அதையும் ஸ்கேன் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு ஒரே ஒரு விதி போதும். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வது பணம் கொடுப்பவர் செய்கிற வேலை. பணம் பெறுபவர் செய்கிற வேலை அல்ல. தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் ரிக்வெஸ்ட் வசதியை, யுபிஐயை நடத்தும் நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. இந்த வகை ஏமாற்றில் ஒரு கதவு அப்படி அடைபட்டது. க்யூஆர் கோடு வழியாக நடப்பது மட்டும் நம் விழிப்பால்தான் நிற்க வேண்டும். "பணம் ஏறவில்லை, இந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் சரிசெய்கிறேன்" என்று எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வுச் செயலியை நிறுவச் சொன்னால், மறுபேச்சில்லாமல் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

நேரில் வந்து வாங்குபவரிடமும் ஒரு கவனம் வேண்டும். பணம் அனுப்பிவிட்டதாக அவர் தன் போனில் காட்டும் பச்சை நிற டிக் குறியையோ ஸ்கிரீன்ஷாட்டையோ நம்பக் கூடாது. பணப் பரிமாற்றச் செயலிகளைப் போலவே தோற்றமளிக்கும் போலிச் செயலிகள் புழக்கத்தில் இருக்கின்றன. குறுஞ்செய்தியும் அப்படித்தான். 1,500 ரூபாய்க்குப் பதில் 15,000 ரூபாய் அனுப்பிவிட்டதாகவும் மீதியைத் திருப்பித் தருமாறும் ஒருவர் கெஞ்சினால், வந்திருக்கும் செய்தி வங்கியின் பெயரில் வந்ததா அல்லது சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்ததா என்று பாருங்கள். அதன் பிறகு உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். அதுவரை வந்தவர் காத்திருக்கட்டும். நேர்மையானவர் ஐந்து நிமிடம் காத்திருப்பதைக் குற்றமாக நினைக்க மாட்டார்.

நடுவில் நிற்பவரின் கணக்கில் பணம் போடுவது

இந்தத் தவறைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அதனாலேயே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். திருப்பூரில் ஒருவர் தன் காரை 3,20,000 ரூபாய்க்கு விற்பதாக விளம்பரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மோசடிக்காரர் அந்தப் படங்களை எடுத்து, 2,60,000 ரூபாய் என்று விலை போட்டு, தன் பெயரில் இன்னொரு விளம்பரம் வைக்கிறார். ஈரோட்டிலிருந்து ஒருவர் அதைப் பார்த்துக் கூப்பிடுகிறார். "வண்டி திருப்பூரில் என் மைத்துனர் வீட்டில் நிற்கிறது, போய்ப் பாருங்கள், விலையைப் பற்றி மட்டும் அவரிடம் பேசாதீர்கள், எங்களுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது" என்கிறார். உண்மையான உரிமையாளருக்கும் கூப்பிட்டு, "என் ஆள் வண்டி பார்க்க வருகிறார், அவர் எனக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது, நீங்கள் விலை பேச வேண்டாம், உங்கள் பணத்தை நான் அனுப்புகிறேன்" என்கிறார்.

இருவரும் சந்திக்கிறார்கள். வண்டி உண்மையானது, ஆர்.சி. என்ற பதிவுச் சான்று உண்மையானது, உரிமையாளரும் உண்மையானவர். ஈரோட்டுக்காரர் மனநிறைவோடு 2,60,000 ரூபாயை மோசடிக்காரர் கொடுத்த கணக்கில் போடுகிறார். உரிமையாளருக்கு ஒரு பைசாகூட வரவில்லை. மோசடிக்காரரின் எண் அணைந்துவிடுகிறது; ஒருவர் பணம் கொடுத்துவிட்டேன் என்று வண்டியைக் கேட்கிறார், மற்றவர் வாங்கவில்லை என்று மறுக்கிறார். இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. நேருக்கு நேர் நின்று "என்ன விலைக்குத் தருகிறீர்கள்? யார் கணக்கில் போட வேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். விலையைப் பேசாதே என்று மூன்றாமவர் சொன்னால், அங்கேயே நின்று விலையைப் பேசிவிடுங்கள். பணம் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும்.

விற்பவருக்கும் இதன் மறுபக்கம் உண்டு. வாங்க வந்தவர் ஒருவர், பணம் வருவதோ முன்பின் அறியாத வேறொருவரின் கணக்கிலிருந்து என்றால், அது எங்கோ ஏமாற்றப்பட்டவரின் பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும் பணம் போன தடத்தைப் பின்பற்றி உங்கள் கணக்கு முடக்கப்படலாம்; புகார் பதிவானது வேறு மாநிலமாக இருந்தால் அங்குள்ள காவல் நிலையத்தோடு போராடித்தான் முடக்கத்தை நீக்க வேண்டியிருக்கும். அனுப்பியவரின் பெயரும் எதிரே நிற்பவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் உறவு என்ன என்று கேளுங்கள், அடையாளச் சான்றைப் பாருங்கள், விற்பனை விவரத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

செல்போனின் ஐஎம்இஐ எண்ணைப் பார்க்காமல் வாங்குவது

பழைய போனில் கீறலையும் பேட்டரியையும் ஆராய்கிறோம்; அது யாருடையது என்று ஆராய்வதில்லை. அந்தப் போனில் *#06# என்று அழுத்தினால், அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ திரையில் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். KYM என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலியிலும் பார்க்கலாம். தடை செய்யப்பட்டது, போலி அல்லது ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் அந்தப் போன் வேண்டாம். பணத்துக்கு மட்டும் வரும் ஆபத்து இல்லை இது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஒன்றும் அறியாமல் வாங்கியவர்கூடப் பொருளை இழந்து, பணத்துக்கு விற்றவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது பூட்டு. முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கோ ஆப்பிள் கணக்கோ நீக்கப்படாத போன், ரீசெட் செய்த பிறகும் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது இல்லையென்றால் கையில் இருப்பது வெறும் கண்ணாடித் துண்டு. தவணையில் வாங்கிய போனில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பூட்டுச் செயலியும் இருக்கக்கூடும். ஆகவே விற்பவர் உங்கள் முன்னாலேயே கணக்குகளை நீக்கி, ரீசெட் செய்து, புதிய போனைப் போல அது தொடங்குவதைக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள். விற்பவருக்கும் இதுவே பாதுகாப்பு. சிம்மையும் மெமரி கார்டையும் எடுக்காமல், வங்கிச் செயலிகளோடும் குடும்பப் படங்களோடும் போனைக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துவதில் பயன் இல்லை.

வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றத்தை வாங்கியவரிடம் விடுவது

நம் ஊரில் வேரோடிப்போன பழக்கம் இது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29லும் 30லும் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவரே மாற்றிக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணில் வண்டி உங்களுடையது. விற்ற பின் பலர் கைமாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் காருக்குக் காப்பீடும் இல்லை. யாரோ ஓட்டி, யாருக்கோ அடிபட்டு, எப்போதோ விற்றவர் பணம் கட்ட நேரும் கொடுமையை நினைத்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குவது பெரிய செலவு ஆகாது.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டை வண்டி வாங்கியவரின் பெயருக்கு மாற்றவும் 14 நாள்தான் அவகாசம். வண்டியைக் கொடுத்த தேதியும் நேரமும் குறித்த ஒப்புகைச் சீட்டில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய தினமே அந்த வண்டி ஏதேனும் குற்றத்தில் பயன்பட்டால் உங்களைக் காப்பது அந்தச் சீட்டுதான்.

வாங்குபவர் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். அழுக்கு படிந்திருக்கிறது, தேய்ந்துவிட்டது என்ற சாக்கு எடுபடக் கூடாது, துணியால் துடைத்துப் பாருங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டுக் கடன் குறிப்பையும் காப்பீட்டையும், இ-சலான் தளத்தில் அபராத நிலுவையையும் பார்க்கலாம். கடனில் வாங்கிய வண்டியென்றால் வங்கியின் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35ம் இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். கார் போன்ற பெரிய விற்பனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் ரொக்கத்தைப் பெற்றவர் மேல் விழும்.

ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்பவரைத் தனியாக அனுப்புவதும் தவறு. இருசக்கர வண்டியோடு அப்படியே போனவர்கள் உண்டு. அவர் விட்டுச் செல்லும் செருப்பும் பையும் ஈடாகாது. அவர் வந்த வண்டியேகூடத் திருட்டு வண்டியாக இருக்கலாம். பின்னால் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அட்வான்ஸும் முகவரியும்

"இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள், 2,000 ரூபாய் போட்டால் உங்களுக்கு நிறுத்தி வைக்கிறேன்" என்ற பேச்சுக்கு மசிய வேண்டாம். பொருளைப் பார்க்காமல் கூரியர் கட்டணம், பேக்கிங் கட்டணம், டோக்கன் எதுவும் கொடுக்காதீர்கள். படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். வேறு ஊர் விளம்பரத்தில் அதே படம் இருந்தால் விஷயம் முடிந்தது.

கையில் கொண்டுபோகக்கூடிய பொருளைப் பகல் வேளையில், ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள இடத்தில் கைமாற்றுங்கள்; மெட்ரோ நிலைய வாசலோ வங்கிக் கிளையோ போதும். ஃப்ரிட்ஜ், கட்டில் போன்றவற்றுக்கு ஆள் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும். அப்போது இன்னொருவர் உடனிருக்கட்டும், பொருளை முன்கூட்டியே வாசல் அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வீட்டில் எந்த நேரம் யார் இருப்பார்கள் என்பதைச் சாட்டில் எழுத வேண்டாம். ஆதாரைக் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுத்தால் போதும்.

இழந்த பிறகு வெட்கப்பட்டுச் சும்மா இருப்பது

ஏமாந்ததை வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு நாள் கழிப்பதால் ஏற்படும் இழப்பு பெரிது. மோசடிக்காரரின் கணக்கிலிருந்து பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நிமிடங்களில் நகர்ந்துவிடும். அதற்குள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்தால், மீதம் இருக்கும் தொகையை அந்தந்த வங்கியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பரிமாற்றத்தின் அடையாள எண்ணான யுடிஆர், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்து, கிடைக்கும் ஒப்புகை எண்ணை உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். நேரில் பழகிய ஆள் ஏமாற்றியிருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கோபத்தில் சாட் உரையாடலையோ விளம்பரத்தையோ அழித்துவிடாதீர்கள், அவைதான் சான்று. புகார் கொடுத்த சில நாட்களில், போன பணத்தை மீட்டுத் தருவதாகவும் அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சிலர் தொடர்புகொள்வார்கள். காவல் துறையும் வங்கியும் அதற்கென்று கட்டணம் கேட்பதில்லை. அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துக் கொடுங்கள்.